கருவிலே கற்ற பாடம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

வயல் வரப்பில் நடந்து போகிறோம். காலில் கருவேல முள் தைக்கிறது. ‘முள்’ என்று மனம் அறிவதற்கு முன்பே அந்தக் கால் வெடுக்கென்று மேலே எழுந்துவிடுகிறது. அதே நேரத்தில் மற்றொரு கால் விறைத்து நின்று உடலின் முழுப் பாரத்தையும் தாங்கிக்கொள்கிறது. இவற்றுள் எதையும் நாம் யோசித்துச் செய்வதில்லை. இதைத்தான் அனிச்சைச் செயல் என்று பள்ளிப் பாடநூல்கள் கூறுகின்றன. இச்சை என்றால் விருப்பம். விருப்பத்தின் ஏவல் இல்லாமல் நிகழ்வது அனிச்சை. மோந்தாலே வாடும் என்று வள்ளுவர் கூறும் அனிச்ச மலருக்கும் இதற்கும் தொடர்பு ஏதும் இல்லை.

அனிச்சைச் செயலை நமக்கு யாரும் கற்றுத் தரவில்லை. ஆகையால் ‘அது பிறவியிலேயே அமைந்தது’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுவது வழக்கம். ஆனால் பிறவியிலேயே அமைந்தது என்றால், பிறப்பதற்கு முன் அது எப்படி அமைந்தது? பாதத்திலிருந்து புறப்பட்ட நரம்பு, முதுகுத் தண்டுக்குள் இருக்கும் எண்ணற்ற செல்களுள் தனக்குரிய செல்லை எப்படித் தேடிக் கண்டது? கருவளரியல் வகுப்பில் உட்கார்ந்த நாள் முதல் என்னை விடாமல் பற்றிக்கொண்ட கேள்விகள் இவை. இவற்றிற்கு விஞ்ஞானிகள் கண்டுள்ள விடைகளை என் அறிவுக்கு எட்டிய அளவில் மாணவ நண்பர்களுக்குக் கூற விழைகிறேன்.

அனிச்சை வில்

முதலில் இந்தச் சுற்றின் உறுப்புகளைப் பார்ப்போம். தோலிலும் தசையிலும் நடப்பதைத் தண்டுவடத்திற்குக் கொண்டு வருவது உணர்ச்சி நரம்பு செல். தண்டுவடத்திலிருந்து தசைக்கு ஆணை கொண்டு செல்வது இயக்க நரம்பு செல். இவ்விரண்டிற்கும் நடுவே தரகர் போல் நின்று செய்தியைக் கைமாற்றுவது இடை நரம்பு செல். ஒரு செல்லின் முனை மற்றொரு செல்லைச் சந்திக்கும் இடத்திற்கு சினாப்ஸ் என்று பெயர். இந்த முழு வழியையும் அனிச்சை வில் என்கிறோம். இதன் செயல்முறையை ஆராய்ந்து உலகுக்கு விளக்கிய இங்கிலாந்து அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் 1932-இல் நோபல் பரிசு பெற்றார்.

முழங்காலுக்குக் கீழே டாக்டர் சிறு சுத்தியால் தட்டும்போது கால் துள்ளுகிறதே, அந்த வில்லில் இடைத்தரகர் இல்லை. உணர்ச்சி செல் நேராகவே இயக்க செல்லைத் தொடுகிறது. அதனால் ஏறத்தாழ ஒரு நொடியின் 50-இல் ஒரு பங்கு நேரத்தில் தசை சுருங்கத் தொடங்கிவிடுகிறது. முள் தைத்த காலைத் தூக்கும் வில்லிலோ இடை செல்கள் பல உண்டு. அவற்றுள் சில தண்டுவடத்தின் மறுபாதிக்குக் குறுக்கே கடந்து சென்று, மறுகாலை ஊன்றச் செய்கின்றன.

ஒரு வீட்டைக் கட்டி முடித்த பின்புதான் மின்சார வேலைக்காரர் வந்து கம்பி இழுப்பார். அவர் கையில் படம் ஒன்று இருக்கும். கருவில் நிலைமை வேறு. வீடு எழும்பிக்கொண்டிருக்கும்போதே கம்பிகள் தாமாக வளர்ந்து, தாமாக வழி தேடி, தாமாக இணைந்துகொள்கின்றன. வேலைக்காரரும் இல்லை, கையில் படமும் இல்லை.

தகடு குழலாகிறது

கருவின் முதுகுப்புறத்தில் முதலில் நரம்பு மண்டலம் ஒரு தட்டையான தகடாக இருக்கிறது. அதன் இரண்டு ஓரங்களும் உயர்ந்து, வெற்றிலையை மடிப்பதுபோல் ஒன்றை ஒன்று நோக்கிச் சாய்ந்து, நடுவில் ஒட்டிக் குழலாகின்றன. இதுவே நரம்புக் குழல். இதன் முன்பகுதி மூளையாகவும் பின்பகுதி தண்டுவடமாகவும் வளர்கின்றன. 33 மணி நேரக் கோழிக் கருவின் சிலைடை நம் ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தவர்கள், முன்பக்கம் மூடியும் பின்பக்கம் இன்னும் திறந்தும் இருக்கும் அந்தக் குழலைக் கண்டிருப்பார்கள். மனிதக் கருவில் இக்குழல் கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. இந்த 28 என்ற எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

குழலுக்கு அடியில் முதுகுநாண் இருக்கிறது. அது சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்னும் ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அடுப்பங்கரையில் தாளிக்கும்போது அங்கே வாசனை தூக்கலாகவும், திண்ணையில் மிதமாகவும், தெருவில் இலேசாகவும் இருப்பதுபோல், இப்புரதம் அருகில் செறிந்தும் தொலைவில் நீர்த்தும் பரவுகிறது. ஒவ்வொரு செல்லும் தனக்குக் கிடைத்த அளவைக் கொண்டே தான் யாராக வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. ஒரு குறிப்பிட்ட அளவு கிடைத்த செல்கள் இயக்க செல்களாகின்றன. மேலே இருப்பவை பலவகை இடை செல்களாகின்றன. குழல் மூடும் விளிம்பிலிருந்து நரம்பு முகட்டுச் செல்கள் எனப்படும் ஒரு கூட்டம் பிரிந்து வெளியே சென்று, தண்டுவடத்தின் இரு பக்கமும் திரள்களாக அமர்ந்து உணர்ச்சி செல்களாகின்றன. ஆக, வில்லின் மூன்று உறுப்பினரும் வெவ்வேறு இடத்தில் பிறந்தவர்கள். இனி அவர்கள் சந்திக்க வேண்டும்.

வழி காட்டும் புரதம்

வளரும் நரம்பிழையின் நுனியில் விரல்கள் விரித்த கைபோன்ற ஒரு பகுதி இருப்பதை 1890-இல் ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ கஹால் கோழிக் கருவில் கண்டார். அதற்கு வளர்கூம்பு என்று பெயர். இருட்டில் சுவரைத் தடவி நடப்பவரைப் போல, அது தன் நுண்விரல்களால் சுற்றுப்புறத்தைத் தடவி, ஈர்க்கும் பொருள் உள்ள பக்கம் திரும்பியும், விலக்கும் பொருள் உள்ள இடத்தில் ஒதுங்கியும் முன்னேறுகிறது.

அந்த ஈர்க்கும் பொருள்களுள் ஒன்றை 1994-இல் அமெரிக்காவில் டெசியர்-லவீன் குழுவினர் பிரித்தெடுத்தார்கள். அதையும் கோழிக் கருக்களின் மூளையிலிருந்தே எடுத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் நெட்ரின். வழிநடத்துபவர் என்று பொருள்படும் ‘நேத்ரு’ என்ற வடசொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. நேதாஜி என்ற பெயரில் உள்ள ‘நேதா’வுக்கும் அதுவே வேர். தண்டுவடத்தின் ஒரு பாதியில் பிறந்த இடை செல்லின் இழையை நடுக்கோட்டை நோக்கி இழுத்து மறுபாதிக்குக் கடக்கச் செய்வதில் நெட்ரினுக்குப் பெரும் பங்கு உண்டு. நெட்ரினை உணரும் டி.சி.சி. என்ற ஏற்பி பழுதுபட்ட ஒருவகை எலிகள், இடக்காலையும் வலக்காலையும் மாற்றி மாற்றி வைக்க இயலாமல் இரண்டையும் ஒன்றாக வைத்துத் துள்ளுகின்றன. இதே மரபணு பழுதுபட்ட மனிதர்களுள் சிலருக்கு, ஒரு கை அசைந்தால் மறு கையும் கண்ணாடிப் பிம்பம்போல் அசைகிறது என்று 2010-இல் கண்டறிந்தார்கள். முள் தைத்தபோது ஒரு கால் தூக்க, மறுகால் ஊன்றுவதன் அருமை இப்போது விளங்கும்.

தவளையின் சொறிச்சல்

ஊருக்குப் பேருந்து வந்துவிட்டாலும் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டுமல்லவா? தோலின் எந்தப் பகுதியிலிருந்து வந்திருக்கிறோம் என்பதை உணர்ச்சி செல் எப்படித் தண்டுவடத்திற்குத் தெரிவிக்கிறது? 1956-இல் நான்சி மைனர் என்ற அமெரிக்க ஆய்வாளர் செய்த சோதனை இதற்கு ஒரு விடை தந்தது. அவர் தலைப்பிரட்டையின் முதுகுத் தோலையும் வயிற்றுத் தோலையும் இடம் மாற்றி ஒட்டினார். அது வளர்ந்து தவளையான பின், வயிற்றில் ஒட்டியிருந்த முதுகுத் தோலைத் தொட்டார். தவளையோ தன் முதுகைச் சொறிந்தது! எத்தனை முறை தொட்டாலும் அப்படியே.

அதாவது, தான் முதுகுத் தோல் என்ற அடையாளத்தைத் தோல் நரம்புக்குக் கொடுத்துவிட்டது. நரம்பும் அதை நம்பி, முதுகைச் சொறியும் சுற்றோடு இணைந்துவிட்டது. செல்கள் இரசாயன அடையாளங்களைக் கொண்டு ஒன்றை ஒன்று தேர்ந்துகொள்கின்றன என்ற கருத்தை ரோஜர் ஸ்பெர்ரி 1963-இல் விரிவாக எழுதினார். அவர் வேறொரு ஆய்வுக்காக 1981-இல் நோபல் பரிசு பெற்றார்.

பாதிப் பேர் வீடு திரும்புவதில்லை

இயற்கை நாற்றங்காலில் நெருக்கமாக விதைத்துப் பிறகு கலைக்கும் உழவரைப் போன்றது. கோழிக் கருவில் தேவைக்கு மேல் இயக்க செல்கள் பிறக்கின்றன. அவை தசையைச் சென்று சேரும் காலத்தில் ஏறத்தாழ பாதி மடிந்துபோகின்றன. கால் அரும்பை முன்னதாகவே நீக்கிவிட்டால் இன்னும் அதிகமானவை மடிகின்றன. போய்ச் சேரும் இடம் தரும் ஊட்டத்தைப் பொறுத்தே செல் பிழைக்கிறது.

இந்த உண்மையை நோக்கி நடந்தவர்களுள் ஒருவர் ரீட்டா லெவி-மோந்தால்சினி. இத்தாலியில் யூதர்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் அடைக்கப்பட்ட காலத்தில், இரண்டாம் உலகப்போரின் நடுவே, தம் படுக்கையறையையே ஆய்வகமாக்கிக் கோழி முட்டைகளைக் கொண்டு ஆய்வு செய்தவர் அவர். 1947-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்குச் சென்று விக்டர் ஹாம்பர்கருடன் சேர்ந்தார். நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்ததற்காக 1986-இல் ஸ்டான்லி கோஹனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். முட்டையும் பொறுமையும் போதும் என்று தொடங்கிய அந்த அம்மையாரின் கதை, வசதி குறைந்த கல்லூரிகளில் படிக்கும் நமக்குத் தெம்பூட்டுவதாகும்.

விடை முதலில், கேள்வி பிறகு

இதுவரை சொன்னதைக் கேட்டால், எல்லாம் இரசாயனத்தின் ஏற்பாடு என்றே தோன்றும். ஆனால் கோழி முட்டை வேறொன்றையும் சொல்கிறது.

கீழ்பென்னாத்தூரில் எங்கள் ஆயா அடை வைத்தால், 18 நாளுக்கு மேல் ஒருநாள் முட்டைகளை வெதுவெதுப்பான நீரில் மிதக்க விடுவார். ஆடும் முட்டையில் உயிர் இருக்கிறது, ஆடாதது கூமுட்டை என்பது அவர் கணக்கு. ஆயா பார்ப்பது கடைசி நாட்களின் ஆட்டம். உண்மையில் குஞ்சு அசையத் தொடங்குவது அடை வைத்த மூன்றரை நாளிலேயே. முதலில் கழுத்து மட்டும் இலேசாக வளையும். பிறகு உடல் முழுவதும் நெளியும்.

இதில் வியப்பு என்னவென்றால், அந்த வயதில் கருவைத் தொட்டால் அது உணர்வதில்லை. தொட்டதற்கு மறுமொழியாக அசைவது ஏழு, எட்டு நாட்களுக்குப் பிறகுதான். உணர்ச்சிப் பாதை இணையும் முன்பே இயக்கப் பாதை வேலை செய்கிறது. 1885-இலேயே ஜெர்மானிய அறிஞர் பிரேயர் இதைக் கவனித்திருந்தார். 1960-களில் ஹாம்பர்கர் இதை மீண்டும் கையிலெடுத்தார். 1966-இல் அவரும் அவருடைய கூட்டாளிகளும் கருவின் கால்களுக்கு வரும் உணர்ச்சி வழியையே நீக்கிப் பார்த்தார்கள். அப்படியும் ஏறத்தாழ 15-ஆம் நாள் வரை கால்கள் மற்றக் கருக்களின் கால்களைப் போலவே உதைத்தன. கேள்வி வந்த பின் விடை சொல்வதுதான் அனிச்சைச் செயல் என்று படிக்கிறோம். கருவிலோ விடை முதலில் தயாராகிறது, கேள்வி பிறகு வருகிறது.

நம் நாட்டு மீன் ஒன்றிலும் இதே வரிசையைக் காணலாம். கங்கை நீர்நிலைகளின் மீன்களைப் பற்றி பிரான்சிஸ் ஹாமில்டன் 1822-இல் எழுதிய நூலில் முதன்முதல் விவரித்த சிறு வரிமீன், இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்க்கப்படுகிறது. அதன் கரு கண்ணாடிபோல் தெளிவானது. கருவுற்ற 17 மணி நேரத்தில் வால் தானாகச் சுருள்கிறது. 21 மணி நேரத்தில் தொட்டால் சுருள்கிறது. 27 மணி நேரத்தில் தொட்டால் நீந்துகிறது. முதல் சுருளலின்போது செல்களுக்கிடையே இரசாயன சினாப்ஸ்கள் பெரும்பங்கு வகிப்பதில்லை. செல்களின் சுவர்களைத் துளைத்து இணைக்கும் நுண்வாயில்கள் வழியாக மின்னோட்டமே நேராகப் பாய்கிறது. வரப்பில் மடை வெட்டி ஒரு வயலின் நீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்சுவது போன்றது அது.

இந்த மின்வாயில்கள் தற்காலிக ஏற்பாடு மட்டும்தானா? பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் வத்சலா திருமலை அவர்களின் குழு இதே வரிமீனில் இதை ஆராய்ந்தது. சிறுமூளையின் பர்கின்ஜி செல்களில் அத்தகைய வாயில் புரதம் ஒன்றை நீக்கினால், இரசாயன சினாப்ஸ்கள் குறைகின்றன, செல்லின் கிளைகளும் குன்றுகின்றன என்று 2021-இல் அவர்கள் வெளியிட்டார்கள். முதலில் போட்ட சாரமே பின்னால் எழும் சுவருக்கு வடிவம் தருகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

தூக்கத்தில் திருத்தப்படும் பிழை

உணர்ச்சிப் பாதை வந்து இணையும்போது எல்லாம் சரியாகவே இணைகின்றனவா என்றால், அதுவும் இல்லை. பிறந்த எலிக்குட்டியின் வாலில் சூடு பட்டால், அது சில நேரம் வாலைச் சூட்டை நோக்கியே நகர்த்துகிறது. ஓரிரு வாரங்களில் இது திருந்திவிடுகிறது. எப்படித் திருந்துகிறது? சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷூவென்பர்க் குழுவினர் 2003-இல் விடை கூறினார்கள். குட்டி தூங்கும்போது அதன் தசைகள் தாமாகத் துடிக்கின்றன. துடிக்கும்போது தோல் எதன்மீதோ உரசுகிறது. எந்தத் தசை துடித்தால் எந்தத் தோலில் உரசல் மிகுகிறது அல்லது குறைகிறது என்பதைக் கொண்டு தண்டுவடம் தன் இணைப்புகளைத் திருத்திக்கொள்கிறது. நாம் பார்த்து ‘கனவு காண்கிறது’ என்று சிரிக்கும் அந்தத் துடிப்பு, உண்மையில் ஒரு பயிற்சி வகுப்பு.

ஆகவே அனிச்சைச் செயல் கற்காமல் வந்தது என்ற கருத்தைச் சற்றே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வழியை இரசாயனம் காட்டுகிறது. வழியில் நடந்து பழகுவதைக் கருவும் குட்டியும் தாமே செய்கின்றன.

தாயின் வயிற்றில்

மனிதக் கருவும் கடைசி மாதவிலக்கிலிருந்து கணக்கிட்டு ஏழு, எட்டு வாரங்களிலேயே அசையத் தொடங்குகிறது. ஆனால் தாய் அதை உணர்வது ஏறத்தாழ 18 முதல் 20 வாரங்களில்தான். ‘புள்ள துள்ளுது’ என்று அவள் முதன்முதல் சொல்லும் நாளுக்குள் குழந்தை பல வாரங்கள் பயிற்சி எடுத்துவிட்டிருக்கும். பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுகப் பிடித்துக்கொள்கிறது. தலை சற்றே பின்னால் சாய்ந்தால் இரண்டு கைகளையும் விரித்து அணைப்பதுபோல் சேர்க்கிறது. இதை எர்ன்ஸ்ட் மோரோ 1918-இல் விவரித்தார். டாக்டரும் நர்சும் குழந்தையைப் புரட்டிப் பார்ப்பது, இந்தச் சுற்றுகள் ஒழுங்காக அமைந்தனவா என்று அறிவதற்கே. சில மாதங்களில் மூளையின் மேற்பகுதி ஆட்சியைக் கையில் எடுக்கும்போது இவை மறைகின்றன. மறைய வேண்டிய காலத்தில் மறையாவிட்டாலும் கவனிக்க வேண்டும்.

இனி அந்த 28 நாள் கணக்குக்கு வருகிறேன். நரம்புக் குழலின் பின்பகுதி மூடாமல் போனால், குழந்தை முதுகில் கட்டியுடன் பிறக்கலாம். அந்த இடத்திற்குக் கீழே உள்ள சுற்றுகள் குலைவதால் கால்கள் துவளும், சிறுநீரை அடக்கும் ஆற்றலும் குறையும். எங்கள் தெருவிலும் அப்படி ஒரு குழந்தை பிறந்தது. ‘கிரகணத்தன்னைக்கு அரிவாள்மனையைத் தொட்டா, அதான்’ என்று ஊர் அந்தத் தாயின்மேல் பழி போட்டது. ஏழாம் மாதத்தில் வந்த கிரகணம் அது. முதல் மாதத்திலேயே மூட வேண்டிய குழலை ஏழாம் மாதத்து நிழல் எப்படித் திறக்கும்? இந்த ஒரு கேள்வியை அன்று கேட்க அங்கே யாரும் இல்லை.

இக்குறைக்குக் காரணம் ஒன்றல்ல. பரம்பரை, சர்க்கரை நோய், வலிப்புக்குத் தரும் சில மருந்துகள் எனப் பல உண்டு. ஆனால் பெருமளவு தடுக்கக்கூடிய காரணம் ஒன்றும் உண்டு. அது ஃபோலிக் அமிலக் குறைவு. ஏழு நாடுகளில் 33 மையங்களில் நடந்து 1991-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்றில், முன்பு இத்தகைய குழந்தை பெற்ற தாய்மார்கள் கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டபோது, மீண்டும் அவ்வாறு நேர்வது 72 சதவீதம் குறைந்தது. மற்றப் பெண்களுக்கு நாள் ஒன்றுக்கு 400 மைக்ரோகிராம் போதும் என்கிறார்கள். கீரையிலும் பயறு வகைகளிலும் இச்சத்து உண்டு. மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கிறது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னபோது, களை எடுத்து வந்த கையைக் கழுவிக்கொண்டே, ‘நாள் தள்ளிப்போச்சுன்னு தெரியறதுக்குள்ளயே பாதி நாள் போயிடுதே. அப்ப மாத்திரைய முன்னாடியே இல்ல சாப்புடணும்? அத யாரு சொல்லுவாங்க?’ என்று கேட்டார். எந்தத் தேர்விலும் இவ்வளவு சரியான கேள்வியை நான் சந்தித்ததில்லை. மாதவிலக்கு தள்ளிப்போவது தெரிந்து, உறுதி செய்துகொண்டு, சுகாதார நிலையம் சென்று பெயர் பதிவதற்குள் பெரும்பாலும் குழல் மூடும் காலம் முடிந்துவிடுகிறது. மாத்திரை கையில் இருந்தும் செய்தி தாமதமாகப் போய்ச் சேர்கிறது.

நம் கல்லூரியில் படிப்பவர்களுள் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து பேருந்தில் வருபவர்கள். அக்கா, அண்ணி, சித்தி என்று புதிதாகத் திருமணமானவர்கள் இல்லாத வீடு இல்லை. அவர்களிடம் இந்த 28 நாள் கணக்கைச் சொல்ல பட்டம் வாங்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வரும் தை மாதம் என் பெரியம்மா மகளுக்குத் திருமணம். பத்திரிகை கொடுக்க வந்த அன்றே அக்காவைத் தனியே அழைத்துச் சொல்லிவிட்டேன். ‘டாக்டரம்மா சொல்லிட்டாங்க’ என்று கேலி செய்தாள். பிறகு, மாத்திரையின் பெயரை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனாள்.